கலரா இருந்த சலவைக்காரி

பெங்களூர், அல்சூர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் அறுபத்து மூன்று விடைத்தாள்கள் இருந்தன. ஒரு பக்கம் மாங்காய் ஊறுகாய் ஜாடி, இன்னொரு பக்கம் சிவப்பு மைப் பேனா. ஞாயிற்றுக்கிழமை காலை. சமையலறையில் அம்மா தேங்காய் துருவும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

முதல் தாளைத் திருத்தும்போது சிரித்தேன். மூன்றாவது தாளிலும் சிரித்தேன். பத்தாவது தாளில் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

கேள்வி இதுதான்: "சலவைக்காரியை ஊர் ஏன் ஒதுக்குகிறது?" முதலாண்டு டிகிரி மாணவிகள் அறுபத்து மூன்று பேரும் ஏறக்குறைய ஒரே பதிலை எழுதியிருந்தார்கள். அவள் ரொம்ப கலராக இருந்ததால் ஊர்ப் பெண்களுக்குப் பொறாமை என்று.

ஒருத்தி ஒருபடி மேலே போய், அவள் சிவப்பாகவும் அழகாகவும் இருந்தாள் என்பதை அப்படியே ஆங்கிலத்தில் பெயர்த்து, அவள் 'ரெட் அண்ட் பியூட்டிஃபுல்' என்று எழுதியிருந்தாள். அதைப் படித்த எந்த வெள்ளைக்காரனும் அவளுக்கு அம்மை போட்டிருப்பதாகத்தான் நினைப்பான்.

எல்லாமே சிம்பல்

கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்கிறேன். தொண்ணூறுகளின் நடுவில், ஆஸ்டின் டவுன் பக்கம் ஒரு பெண்கள் கல்லூரியில் நான் ஆங்கில விரிவுரையாளர். வயது இருபத்தேழு. பாடத்திட்டத்தில் ஒரு பழைய ஆங்கில நாவல் இருந்தது. பெயர் வேண்டாம். அதைப் படிக்காமலே பாஸானவர்கள் இன்று நல்ல பதவிகளில் இருக்கிறார்கள்.

கதை எளிது. ஒரு கப்பல் கேப்டன் தூரத்துத் தீவு ஒன்றிலிருந்து மனைவியோடு இங்கிலாந்துக்குத் திரும்புகிறான். வந்த வேகத்தில் செத்துப்போகிறான். தனியாகிவிட்ட அந்தப் பெண் பிழைப்புக்காக ஊர்த் துணியை வெளுக்கிறாள். ஊருக்கு அவள் வெளுத்த துணி வேண்டும், அவள் வேண்டாம். காரணம், அவள் 'கலர்டு'. அதாவது கறுப்பினப் பெண். அந்தக் காலத்து வெள்ளைக்காரர்கள் சொன்ன சொல் அது. ஆசிரியர் நாவல் முழுக்க அந்த ஒரு சொல்லைத் தவிர அவள் நிறத்துக்கு வேறு சொல் போடவில்லை.

நான் மூன்று வாரம் அந்த நாவலை வெளுத்துக் கட்டினேன். பனி ஒரு சிம்பல். சோப்பு ஒரு சிம்பல். கொடியில் தொங்கும் வெள்ளைச் சட்டைகள் ஊரின் போலி நல்லொழுக்கத்துக்குச் சிம்பல். பாதிரியாரின் கறுப்புக் குடை எதற்குச் சிம்பல் என்று எனக்கே முழுதாகத் தெரியாது. அதற்கும் ஒரு வகுப்பு எடுத்தேன்.

மாணவிகளுக்கும் அது தொற்றிக்கொண்டது. கேன்டீன் இட்லி கல்லாக இருந்தால் அது மேனேஜ்மென்ட்டின் மனசுக்குச் சிம்பல் என்றார்கள். அதை நான் மறுக்கவில்லை.

இவ்வளவும் விளக்கிய நான் 'கலர்டு' என்றால் என்ன என்று மட்டும் விளக்கவில்லை. இதுகூடவா தெரியாது என்று விட்டுவிட்டேன். எங்கள் ஊரில் கலர் என்றால் என்ன அர்த்தம் என்பது இந்த உலகத்தில் எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். தெரிந்தும் விட்டேன்.

கறுப்பு ராஜா

எனக்கு ஏன் நன்றாகத் தெரியும் என்றால், நான் நல்ல கறுப்பு. மாநிறம், புதுநிறம் என்று உறவினர்கள் பூசி மெழுகுவார்கள். கண்ணாடி அப்படியெல்லாம் மெழுகாது.

பள்ளிக்கூடத்தில் கிறிஸ்துமஸ் நாடகம் போடும்போது குழந்தை இயேசுவைப் பார்க்க மூன்று ராஜாக்கள் வருவார்கள். அதில் ஒருவர் கறுப்பு ராஜா. நான்கு வருடம் தொடர்ந்து அது நான்தான். மற்ற இரண்டு ராஜாக்களுக்கும் ஒப்பனை நடந்துகொண்டிருக்கும்போது நான் கிரீடத்தை வைத்துக்கொண்டு பன் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன்.

வீட்டில் அம்மா கடலை மாவு, பயத்த மாவு, எலுமிச்சைத் தோல் என்று என் முகத்தில் ஒரு மளிகைக் கடையையே காலி செய்தாள். பக்கத்து வீட்டில் யாருக்காவது பெண் குழந்தை பிறந்தால், அம்மா வாசலிலேயே நின்று கேட்கும் முதல் கேள்வி, "பாப்பா கலரா?" கலர் என்றாலே வெளுப்பு. கறுப்பு என்பது கலரே இல்லை. கறுப்பு என்பது கலர் வராமல் போனது.

ஆகவே என் மாணவிகள் செய்தது தப்பே இல்லை. அவர்கள் படித்த புத்தகத்தில் ஒரு கலரான பெண், பெரிய மனுஷனைக் கட்டிக்கொண்டு ஊருக்குள் வருகிறாள். ஊர்ப் பெண்களுக்கு வயிறு எரிகிறது. கல்லூரிக்குப் பக்கத்து நீலசந்திராவில் எந்தத் தெருவிலும் நடக்கிற கதை.

திங்கட்கிழமை

திங்கட்கிழமை வகுப்பில் கேட்டேன், கலர் என்றால் என்ன என்று. எழுந்தது மல்லிகா. நீலசந்திராவிலிருந்து வருகிறவள், அப்பாவுக்குக் கார்ப்பரேஷனில் வேலை. என்னைவிட ஒரு படி கறுப்பு. வாயில் யாரிடமும் ஒரு படி குறையாதவள்.

"இன்னா மிஸ், கலர்னா கலருதான். செவப்பா இருக்கறது."

கன்னடம் பேசும் புஷ்பா தலையாட்டினாள். அவர்கள் வீட்டிலும் அதேதான். உருது பேசும் பெண்களும் ஒத்துக்கொண்டார்கள். அந்த வருடங்களில் பெங்களூரில் தமிழும் கன்னடமும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போவதே அபூர்வம். இதில் மட்டும் எந்தத் தகராறும் இல்லை.

அந்தச் சொல்லுக்கு ஆங்கிலத்தில் நேர் எதிரான அர்த்தம் என்று சொன்னேன். அறுபத்து மூன்று மூளைகளில் ஒரு சலவைக்காரி மெல்ல மெல்ல நிறம் மாறிக்கொண்டிருந்தாள்.

"அப்ப இங்கிலீஷ்ல நாம எல்லாம் கலரா மிஸ்?" என்று கேட்டாள் மல்லிகா. "எங்கம்மா கிட்ட சொன்னா ரொம்ப சந்தோசப்படும்."

நானும் சிரித்தேன். பிறகு அதே கேள்விக்கு மறுபடி பதில் எழுதச் சொன்னேன். கூடவே, அவள் குணங்களையும் தோற்றத்தையும் வர்ணிக்கச் சொன்னேன். முதல் தாளிலும் அந்த இரண்டாவது கேள்வி இருந்தது.

அன்று மாலை பழைய தாள்களையும் புதிய தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் எனக்குச் சிரிப்பு நின்றது.

முதல் தடவை, அவள் கலர் என்று நினைத்தபோது, எல்லாரும் அவளை அழகி என்றிருந்தார்கள். கம்பீரமானவள், புத்திசாலி, ராணி மாதிரி நடப்பாள். இரண்டாவது தடவை, அவள் கறுப்பு என்று தெரிந்தபிறகு, உழைப்பாளி, பொறுமைசாலி, அடக்கமானவள் என்று எழுதியிருந்தார்கள். நன்றாகச் சமைப்பாள் என்றுகூட ஒருத்தி எழுதியிருந்தாள். நாவலில் அவள் எங்குமே அடுப்புப் பக்கம் போவதில்லை.

புதிய தாள்கள் அறுபத்து மூன்றில் அழகு என்ற சொல் ஒன்றில்கூட இல்லை. மல்லிகாவின் தாளிலும் இல்லை.

ஓடிப்போய் நாவலை எடுத்துப் பார்த்தேன். ஆசிரியர் அவள் கைகளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார். குனிந்த முதுகுக்கு அரைப் பக்கம். முகத்துக்கு ஒரு வரி இல்லை. நான் அந்த நாவலை மூன்று வாரம் நடத்தியவள். பாதிரியாரின் குடையைக் கவனித்த நான் அவளுக்கு முகமே இல்லை என்பதைக் கவனிக்கவில்லை. வெட்கமாக இருந்தது.

மறுநாள் இரண்டு கட்டுத் தாள்களையும் வகுப்புக்குக் கொண்டுபோய், ஒவ்வொருத்தியும் தன் இரண்டு தாள்களைத் தானே படித்துப் பார்க்கச் செய்தேன். சூட்டோடு சூடாக ஒரு வீட்டுப்பாடமும் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆங்கிலப் பேப்பரில் வரும் மணமகன், மணமகள் விளம்பரங்களை வெட்டி ஒட்டி, அதில் நிறத்துக்கு என்னென்ன சொற்கள், அவற்றோடு என்னென்ன குணங்கள் வருகின்றன என்று பார்த்து வாருங்கள் என்று.

ரொம்பப் பெருமையாக இருந்தது எனக்கு. என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன் என்பது அப்போது தெரியாது.

கோதுமை

என் அப்பா மாநில அரசில் கிளார்க்காகச் சேர்ந்து சூப்பரின்டென்டென்ட்டாக ரிட்டயர் ஆனவர். எதையும் ட்ராஃப்ட் போட்டு, அதைத் திருத்தி, ஃபேர் காப்பி எடுத்துத்தான் செய்வார். அவர் அந்த மாதம் போட்டுக்கொண்டிருந்த ட்ராஃப்ட், என் கல்யாண விளம்பரம். அடுத்த மாதம் வரும் என்று என்னிடம் சொல்லியிருந்தார். அந்த மாதமே வந்துவிட்டது.

மற்றவர்கள் போல பாக்ஸ் நம்பர் கொடுக்க அவருக்கு இஷ்டமில்லை. முகவரி இல்லாத கடிதத்தை மொட்டைப் பெட்டிஷன் என்று ஃபைலில் போட்டுப் பழகியவர். ஆகவே விளம்பரத்தில் எங்கள் வீட்டு முகவரியைத் தெரு உட்பட முழுதாகக் கொடுத்திருந்தார்.

அடுத்த திங்கட்கிழமை மல்லிகா ஒரு பெரிய தாள் நிறைய விளம்பரங்களை ஒட்டிக்கொண்டு வந்து, ஒவ்வொன்றாக உரக்கப் படித்தாள். நிறச் சொற்களுக்குக் கீழே மட்டும் கோடு போட்டிருந்தாள். மற்றதை வகுப்பில்தான் முதன்முதலாகப் படிக்கிறாள் என்று தெரிந்தது.

ஐந்தாவது விளம்பரம். தமிழ்ப் பெண், இருபத்தேழு, எம்.ஏ. ஆங்கிலம், கல்லூரி விரிவுரையாளர், 'வீட்டிஷ்' நிறம், அடக்கமானவள், உழைப்பாளி, சமையலில் தேர்ந்தவள். அதற்கு அடுத்த சொல்லில் மல்லிகா நின்றாள்.

போன மாதம்தான் ஒரு புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க எங்கள் வீட்டுக்கு வந்து, அம்மா கொடுத்த காபியைக் குடித்துவிட்டுப் போயிருந்தாள். என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு கட்டை விரலால் அந்த மூலையைச் சுரண்டிக் கிழித்து உள்ளங்கையில் கசக்கி வைத்துக்கொண்டாள்.

"அட்ரஸ் கிழிஞ்சிபோய் கீது மிஸ்."

அது அப்பா போட்ட விளம்பரம் என்று எனக்குப் புரிந்தது. புஷ்பாவுக்கு எதுவும் புரியவில்லை. 'வீட்டிஷ்' என்றால் வீட்டோடு இருக்கிறவளா என்று கேட்டாள். இல்லை, கோதுமை நிறம் என்றேன். முழு கோதுமையா, அரைத்த மாவா என்று அவளுக்கு அடுத்த சந்தேகம். இதற்கு எந்த அகராதியிலும் விடை இல்லை.

அதோடு விட்டிருக்கலாம். புஷ்பா நல்ல மாணவி. சொல்லிக்கொடுத்த முறைப்படி குணங்களை எண்ணினாள்.

"மிஸ், அடக்கம், உழைப்பு, சமையல். நாங்க சலவைக்காரிக்கு எழுதின மாதிரியே இருக்குது. இதுலயும் பியூட்டிஃபுல் இல்ல."

சாக்பீஸை எடுத்தேன், வைத்தேன். பிறகு, அந்தப் பெண்ணை எனக்குத் தெரியும், அவள் கோதுமை நிறமெல்லாம் இல்லை என்று மட்டும் சொன்னேன்.

பின் பெஞ்சுக்குத் திரும்பியிருந்த மல்லிகாவின் குரல் வந்தது. "ராகி மிஸ். நம்ம ஊர்ல யாரு கோதுமை? எல்லாம் ராகிதான்."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. எல்லாருக்கும் புரிந்துவிட்டிருந்தது, புஷ்பாவைத் தவிர. நானும் சிரித்துத் தப்பித்தேன். மல்லிகாவுக்கு அன்று நான் நன்றி சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

அப்பாவின் விளக்கம்

வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சண்டை போட்டேன். அதென்ன கோதுமை? அவர் அமைதியாக, அது ஒரு ஃபார்மாட் என்றார். எல்லா விளம்பரத்திலும் இருக்கிறது, இவரும் போட்டார். அழகானவள் என்று ஏன் போடவில்லை என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குக் கூச்சமாக இருந்தது.

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நம்ம பொண்ணை நாமளே அழகுன்னு எழுதறது மரியாதை இல்லம்மா."

ஒரு நிமிடம் நெகிழ்ந்துவிட்டேன். பிறகு, சமையலில் தேர்ந்தவள் என்று எழுத மட்டும் அந்த மரியாதை எங்கே போனது என்று யோசித்தேன். எனக்கு அன்று ரசம்கூட வைக்கத் தெரியாது.

விளம்பரத்துக்கு ஒரு நல்ல பதில் வந்தது. மல்லேஸ்வரத்தில் வங்கி அதிகாரி. அவரே கடிதம் எழுதியிருந்தார், நான் என்ன நாவல் நடத்துகிறேன் என்று கேட்டு. கையெழுத்து நேராக, அழகாக இருந்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த வரன் அமைய வேண்டும் என்று நான் ரொம்ப ஆசைப்பட்டேன். நிறத்தைப் பற்றி அறுபத்து மூன்று பேருக்குப் பாடம் எடுத்த நான், அந்தக் கடிதத்தைக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு பஸ்ஸில் போய் வந்தேன்.

போட்டோ கேட்டார்கள். அல்சூர் ஸ்டூடியோக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, லைட்டைக் கொஞ்சம் தூக்கிக்கலாம் என்றார். தூக்கினார். பிரின்ட்டில் கூடுதலாகத் தூரிகை வேலையும் செய்தார். படத்தில் இருந்தவள் யாரோ. மூக்கு மட்டும் என்னுடையது. அதை அனுப்பாதீர்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஜாதகமும் படமும் ஒரே உறையில் போயின. ஜாதகம் பத்துக்கு எட்டு பொருத்தம் என்று பதில் வந்தது.

பெண் பார்த்த ஞாயிறு

வங்கி அதிகாரியும் அவர் அம்மாவும் வந்தார்கள். எங்கள் அம்மா எனக்குப் போட்ட பவுடரில் ஒரு கேரம் போர்டு ஆடியிருக்கலாம். கண்ணாடியில் பார்த்தேன். ராகி உருண்டையின் மேல் மைதா தூவின மாதிரி இருந்தது. வகுப்பின் சிரிப்பு காதில் கேட்டது. உள்ளே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து காபித் தட்டை எடுத்தேன். தைரியம் என்று சொல்ல மாட்டேன். தட்டில் டம்ளர்கள் சத்தம் போட்டன.

அவர் அம்மா என்னைப் பார்த்தார். கையிலிருந்த போட்டோவைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். வருத்தத்தோடுதான் கேட்டார், திட்டவில்லை.

"போட்டோல நல்ல கலரா இருந்தாங்களே."

அப்பா தரையைப் பார்த்தார். என் வாய் எனக்கு முன்னால் பேசிவிட்டது. "இங்கிலீஷ்ல பார்த்தா இப்பவும் கலர்தாங்க ஆன்ட்டி."

அவர் மகன் சிரித்துவிட்டார். நிஜமான, நல்ல சிரிப்பு. நாவல் தெரிந்தவர் என்று நினைக்கிறேன். ஒரு கணம் எல்லாம் சரியாகிவிடும் என்றே எனக்குத் தோன்றியது. பிறகு அவர் தன் அம்மாவின் முகத்தைப் பார்த்தார். சிரிப்பை நிறுத்திக்கொண்டு கேசரியை எடுத்துக்கொண்டார்.

நான்கு நாள் கழித்து அதே நேரான கையெழுத்தில் கடிதம் வந்தது. ஜாதகம் பொருந்தவில்லையாம். பத்துக்கு எட்டாக இருந்த ஜாதகம் எங்கள் வீட்டுக் காபியைக் குடித்தபின் பொருந்தாமல் போய்விட்டது. அப்பா அந்தக் கடிதத்தை ஃபைலில் வைத்தார். நான் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வெளியே வந்தபோது அம்மா எதுவும் கேட்காமல் துண்டைக் கொடுத்தாள். பவுடர் டப்பா அலமாரியிலிருந்து காணாமல் போயிருந்தது.

என் கல்யாணம் அதற்குச் சில வருடம் கழித்து நடந்தது. அவர் விளம்பரம் பார்த்து வந்தவர் இல்லை. அவர் கலரா என்று தயவுசெய்து கடிதம் போட்டுக் கேட்காதீர்கள்.

மறுபடி சாப்பாட்டு மேஜை

ஜாதகம் பொருந்தவில்லை என்று கடிதம் வந்த அந்த வாரக் கடைசியில் மாதிரித் தேர்வுத் தாள்கள் வந்தன. அதே மேஜை, அதே ஊறுகாய் ஜாடி, பாதி காலியாக. திருத்துவதற்கு மனசே இல்லை. கேள்வித்தாளை நான்தான் தயாரித்திருந்தேன், அந்தக் கடிதம் வருவதற்கு முன்னால். அதில் அந்தப் பழைய கேள்வியும் இருந்தது. சலவைக்காரியை வர்ணிக்கவும், ஐந்து மதிப்பெண்.

பலர் இப்போது உஷாராகியிருந்தார்கள். ஆசிரியர் அவள் முகத்தை வர்ணிக்கவில்லை என்பதைச் சரியாகக் குறிப்பிட்டிருந்தார்கள். அது நான் வகுப்பில் சொன்னது. நான் சொன்னதை எனக்கே திருப்பி எழுதியிருந்தார்கள். சரி, சரி என்று டிக் போட்டுக்கொண்டே போனேன்.

மல்லிகாவின் தாள் அடியில் இருந்தது. அவள் ஆங்கிலம் எப்போதும் ஒரு கால் செருப்பில்லாமல் ஓடுகிற ஆங்கிலம். அவள் எழுதியதைத் தமிழில் தருகிறேன்.

"சலவைக்காரி கலர்டு. சலவைக்காரி அழகு. ஆசிரியர் இரண்டாவது வரியை எழுத மறந்துவிட்டார். நானும் போன தடவை மறந்துவிட்டேன். இப்போது எழுதியிருக்கிறேன். எங்கள் மிஸ்ஸைப் பற்றிப் பேப்பரில் எழுதியவரும் மறந்துவிட்டார். அதையும் இங்கேயே எழுதிவிடுகிறேன். மிஸ் அழகு."

அம்மா சமையலறையிலிருந்து என்ன ஆச்சு என்று கேட்டாள். ஒன்றுமில்லை, ஊறுகாய் காரம் என்றேன்.

கடைசி வாக்கியம் கேள்விக்குச் சம்பந்தமில்லாதது. விதிப்படி அதை அடித்திருக்க வேண்டும். அதில் பியூட்டிஃபுல் என்பதற்குக் கடைசியில் இரண்டு 'எல்' வேறு போட்டிருந்தாள். ஸ்பெல்லிங் தப்புக்கு நான் எப்போதும் அரை மார்க் குறைப்பவள், அந்த விஷயத்தில் கருணையே கிடையாது.

சிவப்புப் பேனாவை எடுத்தேன். ஐந்துக்கு ஐந்து போட்டேன். அந்தக் கூடுதல் 'எல்'லை அவளிடமே விட்டுவிட்டேன்.